உப்பு ஜாடிக்குள் ஒரு சாவி

அத்தியாயம் 17

படம் தொடங்கி நாற்பதாவது நிமிடத்தில் சுகுணா தன் அப்பாவைத் திரையில் பார்த்தாள். அதே நேரத்தில் அவர் அவளுக்கு வலப்பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டும் இருந்தார்.

திரையில் இருந்தவருக்குப் பெயர் பெரியவர். ‘கருங்கவசம்’ இரண்டாம் பாகத்தின் வில்லன்களில் ஒருவர். இரும்புக் கவசம் மாட்டிக்கொண்டு நகரத்துக் கெட்டவர்களை வேட்டையாடுகிற நாயகனைச் சின்ன வயதிலிருந்து வளர்த்தவர். வளர்த்த பிள்ளை பேச்சைக் கேட்கவில்லை என்றதும் அவனை ஒரு கிடங்குக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். பூட்டை அழுத்தினார். இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். அப்புறம், இரும்பைத் தொட்ட விரல்களை மூக்குக்குக் கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

சுகுணா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் அப்பா மலையாண்டி எந்தப் பூட்டைப் பூட்டினாலும் இதையேதான் செய்வார். இழுப்பு இரண்டு, மோப்பம் ஒன்று.

“நான் ஒன்னப் பூட்டலடா. ஊர வெளிய வெச்சுப் பூட்டுறேன்” என்றார் திரையில் பெரியவர்.

புதுக்கோட்டைத் தியேட்டர் விசிலில் அதிர்ந்தது. மலையாண்டி கைப்பிடியில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

“அப்புடிச் சொல்லு! இந்தப் படத்துலயே இந்த ஒரு ஆளுதான்த்தா வெவரமான ஆளு.”

சுகுணா இடப்பக்கம் திரும்பினாள். அங்கே அவள் அண்ணன் பிரசாந்த் இருந்தான். திரையைப் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். படத்தின் ஆரம்பத்தில் ‘கதை, வசனம்: பிரசாந்த் மலையாண்டி’ என்று பெயர் வந்தபோது துள்ளி எழுந்தவன் இவனேதான்.

ஒரு வருடத்துக்கு முந்தைய அந்த இரண்டு நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னையில் ஓர் இணைய சினிமாப் பத்திரிகையில் சுகுணாவுக்கு வேலை கிடைத்தது. கீரனூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பையோடு போய்விட்டவளை மலையாண்டி அழைத்துவந்து, வீட்டின் பின்கட்டில் இருக்கிற நெல் அறையில் போட்டுப் பூட்டினார். வேலையில் சேர வேண்டிய நேரம் கடந்த பிறகுதான் திறந்தார். போனை வாங்கி வைத்துக்கொண்டவர் இன்றுவரை தரவில்லை. பூட்டும்போது அவர் சொன்ன வாக்கியத்தைத்தான் இப்போது ஐந்நூறு பேர் விசிலடித்துக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள்.

படம் மேலே போனது. கிடங்குக்குள் நாயகன் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து புலம்பினான்.

“ஒரு தடவ எண்ணுனா நாப்பத்தொண்ணு வருது. மறுபடி எண்ணுனா நாப்பது வருது. ஒரு மூட்டை எங்கிட்டுப் போச்சுன்னு தேடுறதுலயே பொழுது போயிருது.”

இது சுகுணா பேசியது. கதவுக்கு உள்ளிருந்து அவள் அழுதுகொண்டே சொன்னதை வெளியே உட்கார்ந்து கேட்டவன் பிரசாந்த் ஒருவன்தான். நாயகனுக்கு ஒரு தங்கையும் இருந்தாள். ஜன்னல் வழியாகச் சோற்றுத் தட்டை நீட்டுவதற்கு மட்டும் வந்தாள். அடைபட்ட இடத்தை அண்ணன் தனக்கு எடுத்துக்கொண்டு, தட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டான்.

சுகுணாவுக்குக் கோபம் வந்தது. எழுந்து போகலாம் என்றால் வலப்பக்கம் அப்பாவின் முழங்கால், இடப்பக்கம் அண்ணனின் முழங்கால். உட்கார்ந்தே இருந்தாள்.

அப்புறம் அந்தக் காவல்காரன் வந்தான். மொத்தமே மூன்று நிமிடம். கிடங்குக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிற ஓர் அசட்டு ஆள். பெரியவர் வெளியூர் போகும்போது சாவியை அவனிடம்தான் கொடுத்துவிட்டுப் போகிறார். உள்ளேயிருந்து நாயகன் கெஞ்சுகிறான். “சாவி எங்கிட்ட இல்லய்யா” என்று காவல்காரனும் கூடவே அழுகிறான். அழுதுகொண்டே போய்ச் சாவியைச் சமையல்கட்டு உப்பு ஜாடிக்குள் புதைத்து வைக்கிறான். கடைசியில் மனசு மாறி எடுத்துவந்து திறக்கப் பார்த்தால் துரு ஏறிய சாவி பூட்டுக்குள்ளேயே ஒடிந்துபோகிறது. சற்று நேரத்தில் சாம்பல் என்கிற இன்னொரு வில்லன் கிடங்குக்குத் தீ வைக்க, காவல்காரன் முதல் ஆளாகச் சாகிறான். தியேட்டர் கைகொட்டிச் சிரித்தது.

சுகுணா சிரிக்கவில்லை. போன வருடம் பொங்கலுக்கு அப்புறம் ஒருநாள் அப்பா நெல் அறைச் சாவியில் தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்தபடி, “நேத்துவரைக்கும் நல்லாருந்துச்சு, எப்புடிடா இம்புட்டுத் துரு ஏறுச்சு?” என்று கேட்டது அவளுக்கு ஞாபகம் வந்தது.

இடைவேளையில் பின்வரிசைக் கல்லூரிப் பையன்கள் விவாதித்துக்கொண்டிருந்தார்கள்.

“மொதப் பார்ட்டு அளவுக்கு இல்லடா.”

“நாலு மணிக்கு ‘மூணாவது வரிசை’ அக்கா போடும்ல. அது சொல்லட்டும், அப்பறம் பேசுவோம்.”

மலையாண்டி காதைத் தீட்டினார். “யாருடா அது, மூணாவது வரிசை?”

“யூடியூப்ல படத்துக்கு விமர்சனம் சொல்ற பொண்ணுப்பா. மொகத்தக் காட்டாது, குரல் மட்டுந்தான்” என்றான் பிரசாந்த், பப்ஸைப் பிய்த்தபடி.

“அது வீட்டுல கேக்க ஆளில்ல போல.”

சுகுணா காகிதக் கப்பிலிருந்த டீயை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டாள். மூன்று வருடமாக எண்பதாயிரம் பேர் கேட்கிற அந்தக் குரல் அவளுடையது. அம்மா ராசாத்திக்குத் தெரிந்ததெல்லாம் மகள் லேப்டாப்பில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறாள் என்பது. உண்மை தெரிந்தவன் பிரசாந்த் மட்டும். பூட்டித் திறந்த மறுவாரம் புது லேப்டாப்பும் மைக்கும் வாங்கிவந்து தந்தவனும் அவன்தான். அதை அன்பு என்று நினைத்து அன்றைக்கு அவள் கண் கலங்கியிருந்தாள்.

காரில் திரும்பும் வழியெல்லாம் மலையாண்டிதான் பேசினார். முன்சீட்டில் சாய்ந்துகொண்டு, ஓட்டுகிற மகனின் தோளில் தட்டித் தட்டிப் பேசினார்.

“சாம்பலப் பூசிக்கிட்டு ஒருத்தன் கெடந்து சிரிக்கிறானே, அவன் எதுக்குடா சிரிக்கிறான்?”

“அவன் பைத்தியம்ப்பா.”

“பைத்தியத்துக்கு எதுக்குடா அம்புட்டுச் செலவு? அந்தப் பெரியவரு மட்டும் அசல். எங்கப்பாவப் பாத்த மாதிரியே இருந்துச்சு. அவருதான் இப்புடிப் பூட்ட ரெண்டு இழுப்பு இழுத்துப் பாப்பாரு. தாத்தாவ நீ பாத்ததுகூட இல்லயேடா, எப்புடி எழுதுன?”

பிரசாந்த் கியரை மாற்றினான்.

வில்லன்களை எடைபோட சுகுணாவிடம் ஒரே ஒரு கேள்விதான் உண்டு. படம் முடிந்த பிறகு அவன் நம்மோடு வீடு வரைக்கும் வருகிறானா? வந்தால் பாஸ், தியேட்டர் வாசலிலேயே நின்றுவிட்டால் ஃபெயில். இன்றைக்கு ஒரு வில்லன் முன்சீட்டில் உட்கார்ந்து, ஏ.சி.யைக் குறைக்கச் சொல்லிக்கொண்டே குன்றாண்டார்கோவில் வரைக்கும் வந்துவிட்டார். அவருக்குப் பக்கத்தில் ஓட்டிவந்தவன் யார் என்பதைத்தான் அவளால் இன்னும் தீர்மானிக்க முடியவில்லை.

வீட்டில் ராசாத்தி ஆட்டுக்கறி சமைத்து வைத்திருந்தாள். மகன் பெயர் திரையில் வந்த நாளாயிற்றே. முழங்கால் வலி என்று படத்துக்கு வராதவள் அடுப்படியில் மூன்று மணி நேரம் நின்றிருந்தாள். மலையாண்டி வயிறு நிறையச் சாப்பிட்டு, இடுப்புக் கயிற்றில் சாவிகளைச் சரிபார்த்துக்கொண்டு, நார்த்தாமலையில் பங்காளி வீட்டுக் காதுகுத்துக்குத் தேதி வைக்கக் கிளம்பினார்.

“வெளக்கு வைக்க முன்னாடி வந்துருவேன். சுகுணா எங்கிட்டும் போகாம பாத்துக்க” என்று மகனிடம் சொல்லிவிட்டுப் போனார். எதிரில் நிற்கிறவளைப் பற்றி அவள் இல்லாதது மாதிரியே பேசுவது அவருக்குப் பழகிவிட்டது.

சுகுணா அடுப்படிக்குள் போனாள். மேடையோரம் அந்தப் பீங்கான் ஜாடி இருந்தது. மூடியைத் திறந்தாள். கல்லுப்பு வெள்ளையாக இருந்தது. கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளினாள். பழுப்பாக நாலைந்து கல் ஒட்டிக்கொண்டு வந்தது.

“என்னடி உப்பப் போட்டு அளையிற?”

“அம்மா, என்னைய அடச்சு வெச்சப்ப, ரெண்டாவது நாளு அப்பா கட்டுமாவடிக்குப் போனாருல்ல?”

“ஆமா, செத்த வீட்டுக்கு. அதுக்கென்ன இப்ப?”

“அப்ப சாவி யாருகிட்ட இருந்துச்சு?”

ராசாத்தியின் கை கரண்டியோடு நின்றுவிட்டது. கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“அதெல்லாம் முடிஞ்ச கதடி.”

“சாவிய அப்பா கையோட கொண்டுபோயிட்டாருன்னு அண்ணன் சொன்னுச்சு. நான் நம்புனேன். சொல்லும்மா.”

“ஒங்கப்பாதான் அவங்கிட்டக் குடுத்துட்டுப் போனாரு. கையில வெச்சிருந்தா ஒன் அழுகையக் கேட்டுத் தொறந்துருவோமோன்னு பயந்துக்கிட்டு உப்புக்குள்ள போட்டுட்டான் போல. மறுநா ஒங்கப்பா வந்து சாவியக் கேட்டப்ப, அவன் அடுப்படிக்கு ஓடியாந்து உப்புக்குள்ளேருந்து எடுத்தத நான் பாத்தேன். ஒடனே நீயும் வெளிய வந்துட்ட. அப்பறம் எதுக்குச் சொல்லணும்னு...” ராசாத்திக்குக் கண் கலங்கியது. “அண்ணங்கிட்டக் கேட்டுக்கீட்டு வெக்காதடி. இன்னைக்கு ஒரு நாளாச்சும் வீடு சிரிச்சபடி இருக்கட்டும்.”

சுகுணா கையைக் கழுவினாள். திறந்திருந்தால் அன்றைக்கு மதியம் திருச்சி போய், ராத்திரி ரயிலைப் பிடித்து, மறுநாள் காலையில் வேலையில் சேர்ந்திருக்கலாம். அந்த ஒரு சாவிக்கும் அவளுக்கும் நடுவே இருந்தது ஒரு ஜாடி உப்பு. அப்பா மேல் வந்த கோபத்தில் ஒரு தெளிவு இருந்தது. இது வேறு மாதிரி வலித்தது. ஒரு வருடமாக இந்த வீட்டில் அவள் நம்பி உட்கார்ந்து பேசிய ஒரே ஆள் அண்ணன்தான்.

பின்கட்டில் துணி காயப்போடும் கொடியருகே பிரசாந்த் அவளுக்காகக் காத்திருந்தான்.

“சுகு, நாலு மணிக்குப் போடப்போறியா?”

“ம்.”

“என்ன சொல்லப்போற?”

“படத்தப் பத்திச் சொல்லுவேன்.”

“எனக்கு ஒரு மாதிரி இருக்குடி. ஏழு வருஷமா சினிமாவுல நாயாப் பேயா அலஞ்சு இப்பத்தான் பேரு வந்துருக்கு. அடுத்த படத்த நான் பண்ணலாம்னு பேச்சு ஓடுது. ஒன் வீடியோவத்தான் எல்லாரும் பாப்பாங்க. பொய் சொல்லச் சொல்லல. கொஞ்சம் பாத்துப் பேசு.”

“அந்தக் காவல்காரன் யாருண்ணே?”

பிரசாந்த் கொடியில் இருந்த கிளிப்பை எடுத்து மறுபடி மாட்டினான். “அது சும்மா ஒரு கேரக்டரு.”

“உப்பு ஜாடிகூட சும்மாவா?”

அவன் முகம் வெளுத்ததை அவள் பார்த்தாள். ஒரு வார்த்தை, மன்னிச்சுக்க என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இந்த அத்தியாயம் வேறு பக்கம் திரும்பியிருக்கும். சுகுணா அப்படிப்பட்டவள்தான். அவனோ தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“நான் அப்பாகிட்டச் சொல்லமாட்டேன். ஆனா அந்தக் குரலு ஒன்னோடதுன்னு அவருக்குத் தெரிஞ்சா லேப்டாப்பும் போயிரும். யோசிச்சுக்க.”

அக்கறையாகச் சொல்வது போலத்தான் சொன்னான். அப்பா பூட்டுகிறபோதும் குரல் இப்படித்தான் இருந்தது.

சுகுணா நெல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அவளை அடைத்து வைத்த அதே அறைதான். ஆனால் இந்த வீட்டில் எதிரொலியே இல்லாத இடமும் அது ஒன்றுதான். சுற்றிலும் அடுக்கிய நெல் மூட்டைகள் சத்தத்தையெல்லாம் குடித்துவிடும். விமர்சனங்களைப் பதிவு செய்வது இங்கேதான். கதவுக்கு உள்ளே கொண்டி கிடையாது. வெளியே மட்டும் நாதாங்கியில் அந்தப் பூட்டு எப்போதும் திறந்தபடி தொங்கும்.

வழக்கமாகப் பேசிப் பதிவு செய்து, வெட்டி ஒட்டி, அப்புறம்தான் ஏற்றுவாள். இன்றைக்கு வெட்டுகிற நேரத்தில் தனக்கே பயம் வந்துவிடும் என்று தோன்றியது. நேரலைப் பொத்தானை அழுத்தினாள். நான்கு மணிக்கு ஏழாயிரம் பேர், இரண்டு நிமிடத்தில் பதினோராயிரம்.

“வணக்கம். மூணாவது வரிசையிலேருந்து பேசுறேன். கருங்கவசம் ரெண்டாம் பாகம். இந்தப் படத்துல மூணு வில்லன். போஸ்டர்ல ரெண்டு பேருதான் இருக்காங்க.

“மொதல்ல சாம்பல். இருபத்தி ரெண்டு தடவ சிரிக்கிறாரு. ஒரு தடவகூட எனக்குப் பயம் வரல. ஊர எதுக்கு எரிக்கணும்னு அவருக்கும் தெரியல, எழுதுனவருக்கும் தெரியல. இருட்டாப் படம் புடிச்சுட்டா மனசும் இருண்டுரும்னு நெனச்சிருக்காங்க. அவரு தியேட்டர் வாசலோட நின்னுட்டாரு.

“ரெண்டாவது, பெரியவர். நல்ல வில்லன். தான் செய்றது சரின்னு முழுசா நம்புறாரு. என் பக்கத்து சீட்டுல இருந்த ஒருத்தரு அவருக்குக் கைதட்டுனாரு. அதுதான் அந்த வில்லனோட வெற்றி. ஆனா எழுதுனவருக்கு அவருகிட்டப் பயம். அதனால கடைசியில ஹீரோவ அவரு கால்ல விழ வெச்சுட்டாரு. ரெண்டு நாளு அடைச்சு வெச்சவரு கால்ல எதுக்குங்க விழணும்?”

கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம் வந்து நின்றது. சுகுணாவுக்குக் கேட்டது. பேச்சை நிறுத்தவில்லை.

“மூணாவது ஆளு அந்தக் காவல்காரன். நீங்க எல்லாரும் சிரிச்சீங்க. அவனுக்குக் கோவம் கெடையாது, கொள்கை கெடையாது. ரொம்ப நல்லவன். உள்ள இருக்கறவங்க அழுதா அவனும் அழுவான். சாவிய மட்டும் எடுக்க மாட்டான். பெரியவரு பூட்டுனது அஞ்சு நிமிஷம். அதப் பூட்டியே வெச்சிருந்தது இவன்தான். படத்துலயே உண்மையான வில்லன் இவன். எழுதுனவருக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரே ஆளும் இவன்தான். அப்பறம் ஏங்க மூணு நிமிஷத்துல கொன்னுட்டீங்க? செத்துட்டா முடிஞ்சுதுன்னா? அவனெல்லாம் சாக மாட்டான். சாப்பிட்டு, கைகழுவி, வீட்டுலதான் இருப்பான். அவன மிச்சப் படம் முழுக்க உயிரோட விட்டிருந்தா நான் இந்தப் படத்தத் தலையில தூக்கி வெச்சுக் கொண்டாடியிருப்பேன்.”

வெளியே நாதாங்கி நகர்ந்தது. பூட்டு அழுந்துகிற சத்தம் ‘டக்’கென்று கேட்டது. இரண்டு தரம் யாரோ இழுத்துப் பார்த்தார்கள்.

அப்பா நார்த்தாமலையில் இருக்கிறார்.

“அண்ணே?” என்றாள் சுகுணா. “அண்ணே, கதவத் தொற.”

பிரசாந்தின் குரல் உடைந்து வந்தது. அவன் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தான்.

“நிறுத்திரு சுகு. நிறுத்துனாத் தொறப்... சாவி எங்கிட்ட இல்ல சுகு.”

இந்தத் தடவை அது உண்மை. சாவி அப்பாவின் இடுப்பில் இருந்தது.

திரையில் வேகமாக ஓடிக்கொண்டிருந்த கருத்துகள் ஒரு கணம் நின்றன. அப்புறம் ஒவ்வொன்றாக வந்தன. ‘அக்கா, யாரு அது?’ ‘படத்து டயலாக்கா?’ ‘அழுகுற மாதிரி இருக்கு.’ ‘அக்கா, நீங்க எங்க இருக்கீங்க?’

வெளியே அவன் போன் அடுத்தடுத்து ஒலித்தது. அவனுக்கும் புரிந்துவிட்டது போலும். “லைவா போட்டுருக்க?” என்ற கேள்வியோடு செருப்புச் சத்தம் கூடத்தைப் பார்த்து ஓடியது. வைஃபை பெட்டி கூடத்தில், டி.வி.க்குப் பின்னால் இருக்கிறது. பின்கட்டைத் தாண்டி, அடுப்படியைத் தாண்டி அவன் அங்கே போய்ச் சேரப் பத்து நொடி ஆகும். சுகுணாவிடம் இருந்தது அந்தப் பத்து நொடிதான்.

மூன்று வருடமாகப் பெயரும் சொல்லாமல் ஊரும் சொல்லாமல் பேசிய பெண் மைக்கை வாயருகே இழுத்தாள்.

“என் பேரு சுகுணா. குன்றாண்டார்கோவிலு பக்கம், மலையாண்டி மக. இந்தக் கதய எழுதுனது என் அண்ணன். அதுல அடச்சு வெச்சது என்னயத்தான். இப்பவும் வெளியிலதான் பூட்டு இருக்கு.”

திரையில் சேனல் பெயருக்கு மேலே, இணைப்பைத் தேடுகிற ஒரு சின்ன வட்டம் சுற்றத் தொடங்கியது. எத்தனை வார்த்தை வெளியே போயிற்று என்று தெரியவில்லை. அவள் அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வாசலில் அப்பாவின் பைக் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.